பெங்களூரிலிருந்து பைக்கில் மலைச்சுற்று: ஏலகிரி முதல் கொல்லிமலை வரை

பெங்களூரில் நாலு தமிழ் நண்பர்கள் சேர்ந்து பைக்கில் எங்கேயாவது போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் லடாக் வரும், அடுத்து ஊட்டி வரும். லடாக் எப்போதும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். ஊட்டி என்றால் நீண்ட விடுமுறையில் பண்டிப்பூரிலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதோடு 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கின்றன: ஏலகிரி, ஜவ்வாதுமலை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன், கொல்லிமலை. முதல்முறை பல நாள் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சுற்றைத்தான். ஊர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. போகிற இடமெல்லாம் தமிழ் செல்லும். ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய ஊருக்கு இறங்கிவிடலாம்.

நான்கு இரவு, ஐந்து பகல், மொத்தம் 750 முதல் 800 கிலோமீட்டர். "இவ்வளவுதானா? ரெண்டு நாள்ல முடிச்சிடலாமே" என்று குழுவில் ஒருவராவது சொல்வார். நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் போதும். மலையில் 30 கிலோமீட்டருக்கே அவ்வளவு நேரம் ஆகும், கை கால் இரண்டு மடங்கு அசந்துபோகும். அதனால் மலைப் பயணத்தைக் கிலோமீட்டரில் திட்டமிடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் திட்டமிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வண்டி விடுதி வாசலில் நிற்க வேண்டும். கீழே சொல்வதில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

யாரோடு, எந்த வண்டியில்

நான்கு வண்டி நல்ல அளவு, ஆறு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு டீக்கடையிலும் முக்கால் மணி நேரம் போய்விடும். ஒருவர் டீ குடித்து முடிக்கும்போது இன்னொருவர் சிகரெட் பற்றவைப்பார், அப்புறம் மூன்றாமவருக்கு ஆபீஸிலிருந்து போன் வரும்.

வண்டி எதுவாக இருந்தாலும் சரி. 100 சிசி ஸ்பிளெண்டர் இந்த மலைகள் எல்லாவற்றிலும் ஏறும், மலை ஊர்க்காரர்கள் தினமும் அதில்தான் மூட்டையோடு ஏறி இறங்குகிறார்கள். ஸ்கூட்டரில் ஒரு சிக்கல் உண்டு. இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது, எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும். ஆள் ஒருவர் மட்டும் என்றால் அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு இறங்கலாம். பின்னால் ஆளும் பையும் வைத்துக்கொண்டு கொல்லிமலையில் ஸ்கூட்டரில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை "நம்ம பையன் வண்டிதான் சார், பயப்படாதீங்க" என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். கர்நாடகத்துக்கு வெளியே கொண்டுபோகலாமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை அனுமதி என்பதையும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, ஆர்.சி., லைசன்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஆனால் மலையில் சிக்னல் கிடைக்காத இடத்தில் செயலி திறக்காது. ஒரு நகலைப் பையில் போட்டுவையுங்கள்.

எப்போது போகலாம்

பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அருவிகளில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைகள் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். அதே மாதங்களில்தான் மண் சரிந்து பாதை அடைபடுவதும் நடக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். மே மாதத்தில் மேலே குளிர்ச்சிதான், ஆனால் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் வழியில் ஊத்தங்கரை, அரூர் வெயில் ஜாக்கெட்டுக்குள் ஆளை அவித்துவிடும். ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்கப் போகிறவர்களுக்கு நல்ல நாள், அமைதியாக வண்டி ஓட்ட நினைப்பவர்களுக்கு அல்ல.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

வண்டியைச் சர்வீஸ் விடுவதென்றால் கிளம்புவதற்கு முந்தைய நாள் விடாதீர்கள். மெக்கானிக் கை வைத்த வண்டியில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். ஒரு வாரம் முன்பே விட்டு, நாலு நாள் ஆபீஸுக்கு ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். முக்கியமாகப் பார்க்கச் சொல்ல வேண்டியது பிரேக். பேட், ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது டயர். பட்டன் தேய்ந்த டயரோடு மலை ஏறாதீர்கள். பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் காற்றழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பது செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதைப் பார்த்து நிரப்புங்கள். கம்பி வீல் வண்டிகள் பலவற்றில் டியூப் இருக்கும், அந்த வண்டிக்காரர்கள் ஒரு உபரி டியூப் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு, ஆனால் உங்கள் வண்டியின் அளவு டியூப் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, செயின் ஆயில், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி, டார்ச் ஆகியவை குழுவுக்கு ஒரு செட் போதும்.

உடை விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் போலீஸுக்காக மாட்டும் தொப்பி ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முகம் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும். கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தடித்த ஜாக்கெட். மழைக்கு மேல்சட்டையும் பேன்ட்டுமாக இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்தான் சரி. போர்வை மாதிரி விரியும் கோட் காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். துப்பட்டாவுக்கும் இது பொருந்தும்: பின்னால் உட்காரும் தோழிகள் அதைப் பைக்குள் வைத்துவிட்டே ஏறட்டும்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஐந்து நாள் ஓட்ட முடியாது. இரண்டாம் நாளே தோள்பட்டை கழன்றுவிடும். பின் சீட்டில் தாழ்வாகக் கட்டுங்கள். துணிகளை முதலில் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிறகு பையில் வையுங்கள். கட்டிய கயிற்றின் நுனி எதுவும் தொங்கக் கூடாது, பை சைலன்சரைத் தொடக் கூடாது. மாத்திரை, பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கமும் எடுத்துக்கொள்ள வேண்டும், கியூஆர் பலகை தொங்கும் கடையிலும் சிக்னல் இல்லாவிட்டால் காசுதான். பொதுச் செலவுக்கு ஒருவர் கையில் எல்லோரும் முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. லிட்டருக்கு 40 கொடுக்கும் வண்டிக்கு மொத்தப் பயணத்துக்கும் இருபது லிட்டர் பெட்ரோல் ஆகும். அதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். டீ, சாப்பாடு, அறை வாடகையைப் பொதுவில் வையுங்கள்.

குழுவாக ஓட்டும் முறை

முன்னால் வழி தெரிந்தவர், அவருக்கு அடுத்து குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர், கடைசியில் அனுபவமுள்ளவர். இந்த வரிசை மாறக் கூடாது. மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விட்டால் அவர் மற்றவர்களை எட்டிப்பிடிக்கத் தன் திறமைக்கு மேல் முறுக்குவார், விபத்து அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டாவதாக வந்தால் முன்னால் இருப்பவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். "மச்சான், நீ ரொம்ப ஸ்லோ" என்ற கிண்டலை ஓசூரோடு நிறுத்திவிடுங்கள்.

வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும் வரை ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். இதை எல்லோரும் கடைப்பிடித்தால் போனே தேவையில்லை, யாரும் தொலைய மாட்டார்கள். நாற்கரச் சாலையில் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என்று இடைவெளி விட்டு வரலாம். மலையில் ஒற்றை வரிசை மட்டும்தான்.

முதல் நாள்: பெங்களூர் – ஏலகிரி

சில்க் போர்டில் சந்திப்பது என்று முடிவு செய்யாதீர்கள். ஒருவர் அல்சூரிலிருந்தும் ஒருவர் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் வந்து சேர்வதற்குள் ஏழு மணி ஆகிவிடும், அதற்குள் ஓசூர் ரோடு நிரம்பிவிடும். ஐந்து மணிக்கு அவரவர் வீட்டிலிருந்து கிளம்பி ஓசூரில் சந்தியுங்கள். ஒயிட்ஃபீல்டுக்காரர்கள் சர்ஜாப்பூர் வழியாக நேரே வந்துவிடலாம். ஓசூரில் ஒரு டீ, ஒருமுறை எல்லா வண்டியிலும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்வை, அப்புறம் கிருஷ்ணகிரி.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டுநிலம். அதனால் மலைக்குப் போகிறோம் என்று கிளம்பினாலும் முதலில் இறங்கத்தான் செய்கிறோம், கிருஷ்ணகிரி ஏறக்குறைய பாதி உயரம்தான். விடியலில் குளிருக்கு ஜாக்கெட்டுக்குள் போட்ட அடுக்குகளை அங்கே கழற்ற வேண்டியிருக்கும். பர்கூர், ஜோலார்பேட்டை வழியாகப் பொன்னேரி போனால் ஏலகிரி மலைப்பாதை அங்கே தொடங்குகிறது. மொத்தம் 160 கிலோமீட்டர், நிதானமாக வந்தாலும் மதியத்துக்குள் அடிவாரம்.

இந்த மலையை முதலில் வைத்ததற்குக் காரணம் அதன் 14 கொண்டை ஊசி வளைவுகள். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பாதை கிடையாது. மேலே போய்ச் சாப்பிட்ட பிறகு, பையை அறையில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் இன்னொருமுறை இறங்கி ஏறிப் பாருங்கள். அன்றைக்கு அதுதான் வேலை. ஏலகிரியில் படகு, பூங்கா எல்லாம் உண்டு, அவற்றுக்காக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவில் என்ன செய்ய வேண்டும்

ஏறும்போது இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றல்ல. நாம் இடதுபுறம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும். அது குறுகியது, செங்குத்தானது, மேலிருந்து மழைநீர் அடித்துவந்த மணலும் சரளையும் அங்கேதான் சேர்ந்திருக்கும். புதியவர்கள் வண்டி அணைந்து நிற்பதும் அங்கேதான். வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடாதீர்கள். அதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு, சின்ன வண்டி என்றால் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். உள்ளே போனதும் கிளட்சைப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, வளைவு முடிந்து சாலை மேலே போகும் இடத்தைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பக்கத்துக் கால்வாயைப் பார்த்தால் கால்வாயில்தான் முடியும்.

வலப்பக்க வளைவில் நமக்கு வெளிவட்டம், அகலமாகவும் சாய்வு குறைவாகவும் இருக்கும். ஆனால் மேலிருந்து இறங்கும் பஸ் தன் உள்வட்டத்துக்குள் திரும்ப முடியாமல் நம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பஸ்ஸின் ஹாரன் கேட்டாலோ, மேல் சாலையில் அதன் தலை தெரிந்தாலோ வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே ஓரம்கட்டி நின்றுவிடுங்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி சொல்கிறது. அந்த விதியை அரசுப் பேருந்திடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டால் பதறி இரண்டு காலையும் ஊன்றாதீர்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இடது கால் மட்டும் தரையில், முதல் கியர், பிறகு ஸ்டார்ட். சாய்வில் நிறுத்தி வைக்கும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்கட்டும், முதல் கியரில் போட்டுவிட்டு ஸ்டாண்ட் போடுங்கள். நியூட்ரலில் விட்ட வண்டி தானாக உருண்டு ஸ்டாண்ட் மடங்கி விழும்.

இறக்கத்துக்கு ஒரே சூத்திரம்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டும். அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று கிளட்சைப் பிடித்தோ நியூட்ரலிலோ இறங்குவது தற்கொலை வேலை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயில் லாரிகள் அடிக்கடி கட்டுப்பாடு இழப்பதற்கு, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ரப்பர் கருகும் வாசனை வந்தாலோ லிவர் தளர்ந்தாலோ உடனே நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

இரண்டாம் நாள்: ஜவ்வாதுமலை

எனக்கு இந்தச் சுற்றில் பிடித்த நாள் இதுதான். ஏலகிரியிலிருந்து இறங்கி ஆலங்காயம், அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். தூரம் குறைவு, அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. காவலூரில் வழியிலேயே வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே உண்டு. யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். இரண்டாம் நாள் சனியாக வரும்படி வெள்ளிக்கிழமை கிளம்பினால் இதையும் பார்த்துவிடலாம், நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த வழி என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இவர்களே. சாமை, தேன், புளி, பலா என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விளைச்சல்.

அறுவடை நாட்களில் இந்தச் சாலைகளில் ஒரு சங்கதி உண்டு. வளைவு திரும்பியதும் தார் ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொள்ளோ கேழ்வரகுக் கதிரோ பரப்பியிருக்கும், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. கார் ஏறினால் ஒன்றுமில்லை. பைக் சக்கரம் அதில் ஏறி பிரேக் பிடித்தால் உருளும் மணியில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முடிந்தால் விலகிப் போங்கள். முடியாவிட்டால் ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "பார்த்துப் போ சாமி" என்பார். நின்று இரண்டு வார்த்தை பேசினால் பக்கத்தில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எந்த வீட்டில் தேன் கிடைக்கும் என்பது வரை தெரிந்துவிடும், கூகுள் மேப் இதையெல்லாம் சொல்லாது.

ஊருக்குள் போகும்போது முறுக்காதீர்கள். சைலன்சர் மாற்றிய புல்லட் வைத்திருப்பவர் இந்த ஐந்து நாளைக்காவது பழைய சைலன்சரைப் போட்டுக்கொண்டு வரட்டும். குழந்தைகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வயலுக்குள், கோயில் திடலுக்குள் வண்டியை ஏற்றாதீர்கள். பாறை மேல் உட்கார்ந்து பாட்டில் திறப்பவர்களால்தான் நமக்குப் பின்னால் வருகிறவர்களை ஊர்க்காரர்கள் முறைக்கிறார்கள். சாமையோ தேனோ வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பெங்களூரில் ஆர்கானிக் கடையில் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியும்.

இங்கே விடுதிகள் குறைவு. அறைக்கு முன்பே போனில் சொல்லிவைத்து, "எட்டுப் பேர் வருகிறோம், ராத்திரிச் சாப்பாடு வேண்டும்" என்பதையும் சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். சிக்னல் வந்து வந்து போகும். குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருந்தால் பயனில்லை, ஒருவரிடமாவது பி.எஸ்.என்.எல். இருக்கட்டும். வரைபடத்தைக் கீழேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 108, வீட்டுக்குத் தினமும் மாலை ஒரு குறுஞ்செய்தி.

மூன்றாம் நாள்: ஏற்காடு

இன்றைக்குத்தான் சமவெளி ஓட்டம் அதிகம். காலை ஏழுக்குக் கிளம்பி திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் சாலையில் வாருங்கள். சேலத்துக்குள் நுழையாமல் குப்பனூரில் திரும்பினால் கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு இன்னொரு பாதை ஏறுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுள்ள சேலம் பாதையைவிட இதில் கூட்டம் குறைவு, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும். கோடை விழா நாட்களில் ஒரு பாதையை ஏறவும் மற்றதை இறங்கவும் என்று பிரிப்பதுண்டு, அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

1,500 மீட்டர் உயரம் என்பதால் சாயங்காலம் பனி சட்டென்று இறங்கும். பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். இருட்டில் தோட்டத்துச் சாலைகளில் காட்டெருமை நிற்கும். ஹாரன் அடித்து விரட்ட நினைக்காமல் தள்ளி நின்றுவிடுங்கள், அதுவே போய்விடும். ஏரிக்கரைக் கடையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, சேர்வராயன் குகைக் கோயில், அவ்வளவு போதும். நேரத்தோடு தூங்குங்கள், அடுத்த நாள் பெரிய நாள்.

நான்காம் நாள்: கொல்லிமலை

சேலம் இறங்கி, ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. பெட்ரோல், காற்று, சாப்பாடு எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். நாற்பதைத் தாண்டும்போது மணிக்கட்டு கடுக்கத் தொடங்கும். அதற்காகவே நடுவில் இரண்டு இடத்தில் நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நிற்கும்போது பையைத் திறந்து பிஸ்கட் எடுக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குப் பை ஜிப்பைத் திறக்கத் தெரியும்.

மேலே சோளக்காடு சந்தையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், மிளகு தூக்கலாக இருக்கும். ஏறி வந்த களைப்புக்கு நல்ல மருந்து. கிழங்கையும் மிளகையும் வாங்கி வரலாம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறி வரும்போதுதான் தெரியும். வண்டி ஓட்டி வந்த அன்றே இதைச் செய்தால் மறுநாள் பிரேக் மிதிக்கும் கால் நடுங்கும். மதியம் ஒரு மணிக்குள் மேலே வந்தவர்கள் மட்டும் போகலாம், மற்றவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரைடிங் ஷூவோடு இறங்காதீர்கள், ஒரு செருப்பு எடுத்துப் போங்கள்.

மூன்று நாள் விடுமுறைதான் இருக்கிறது என்பவர்கள் ஏலகிரி, ஜவ்வாது இரண்டோடு திரும்பிவிடலாம். கொல்லிமலையை மட்டும் தனியாக ஒரு வார இறுதியில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகிவிடும், நடுவில் மலையே இருக்காது.

ஐந்தாம் நாள்: திரும்புவது

விபத்துக்கு அதிகம் வாய்ப்புள்ள நாள் இது. நாலு நாள் அசதி, மலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி, வீடு போய்ச் சேரும் அவசரம் மூன்றும் ஒன்றாகச் சேரும். தூரமும் முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில். காலை வெளிச்சம் வந்ததும் இறங்கத் தொடங்குங்கள். 70 வளைவையும் இறங்கி முடித்ததும் பிரேக்கை ஒருமுறை சோதித்துவிட்டு, சேலத்தில் நிதானமாகக் காலைச் சாப்பாடு. பிறகு தொப்பூர் ஏற்றம், தருமபுரி, கிருஷ்ணகிரி. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் நில்லுங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஹைவேயில் ஏறினால் ஹெல்மெட்டுக்குள்ளேயே கண் சொக்கும். லேசாகச் சாப்பிட்டு, கால் மணி நேரம் மர நிழலில் படுத்து எழுந்து போங்கள்.

ஓசூரை மூன்று மணிக்குள் தாண்டிவிட்டால் அத்திப்பள்ளியும் எலக்ட்ரானிக் சிட்டியும் வழி விடும். விடுமுறை முடியும் நாளின் மாலையில் மாட்டினால், கிளட்சைப் பிடித்துப் பிடித்தே கை வீங்கிவிடும். தாமதமாகிவிட்டது என்றால் ஓசூரிலேயே உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள், இட்லி சாப்பிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள். அந்த வாரத்திலேயே பிரேக் பேடை மறுபடியும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், 70 வளைவு இறக்கத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் காட்டுவார்.